எதுவும் கொடுக்கப்படாதவர்

உலகத்தார் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, முடிந்தால் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது. மனித முன்னேற்றத்தை விழுக்காடு விழுக்காடாக அரிந்து, எந்தத் துண்டு எந்தத் திட்டத்துக்குச் சேரும் என்று தீர்ப்புச் சொல்வதற்கென்றே பிறந்த தாக்கப் பங்களிப்பு மதிப்பீட்டு வாரியம், நெடிய ஆலோசனைகளுக்கும், துணைக்குழுக்களின் பரிந்துரைகளுக்கும், இடையிடையே வந்துபோன பிஸ்கட் தட்டுகளுக்கும் பிறகு, பள்ளத்துத் தெருவில் மெத்தைக் கடை வைத்திருப்பவரை ‘எதுவும் கொடுக்கப்படாதவர்’ என்ற பொறுப்புக்கு ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டது.

இந்த வரலாற்றுத் திருப்பம் நிகழ்ந்த வேளையில் மெத்தைக்காரர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கடைக்குள் நின்ற மழைத் தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியால் மொண்டு தெருவில் ஊற்றிக்கொண்டிருந்தார். தெரு அதை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பத்திரமாகத் திருப்பி அவரிடமே கொடுத்துக்கொண்டிருந்தது.

பள்ளத்துத் தெரு பிறக்கும்போதே பள்ளமாகப் பிறக்கவில்லை. சாலை மேம்பாட்டுத் திட்டம் வரும்போதெல்லாம் பழைய சாலையின் தலையிலேயே புதுச் சாலையைப் போட்டார்கள். சாலை முன்னேற முன்னேறக் கடை கீழே போனது. ஒரு காலத்தில் படியேறி மெத்தை வாங்க வந்தவர்கள் இப்போது படியிறங்கி வருகிறார்கள். அதுவும் வளர்ச்சிதான். ஆனால் அது வேறொரு வாரியத்தின் வளர்ச்சி என்பதால் இந்த வாரியம் அதில் தலையிடுவதில்லை.

பஞ்சுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. நனைந்த பஞ்சு கட்டி தட்டிவிடும். எத்தனை வெயிலில் உலர்த்தினாலும் ஒரு புழுக்க வாடை அதை விட்டுப் போகாது. அந்த மெத்தையில் படுத்தவர் மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்பார். மெத்தைக்காரர் கைத்தையலில் ஊரில் முதல் ஆள். முடிச்சு போட்டால் மெத்தை கிழிந்தாலும் முடிச்சு அவிழாது. ஆனால் முடிச்சை யார் முகர்ந்து பார்க்கிறார்கள்?

மழையில் தவிக்கும் இப்படிப்பட்ட தொழிலாளர்களுக்காகத்தான் ‘நனையாத் தொழிற்கூடத் திட்டம்’ வந்தது. வந்து, அடுத்திருக்கும் மேட்டுத் தெருவுக்குப் போய்விட்டது. அங்கே ஒவ்வொரு கடை வாசலிலும் தண்ணீரைத் தடுக்க ஒரு கல் தடுப்பு கட்டினார்கள். சரக்கு வைக்க இரும்பு அடுக்கு தந்தார்கள். ‘தண்ணீரைப் புரிந்துகொள்ளல்’ என்று ஒரு பயிற்சியும் நடத்தினார்கள். மேட்டில் தண்ணீரே நிற்காதே என்று சிலர் கேட்டார்கள். வெற்றிக்கு வாய்ப்புள்ள இடத்தில்தான் திட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று வாரியம் விளக்கியது.

அந்த மேட்டுத் தெருவில்தான் மெத்தைக்காரரின் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஃபோம் மெத்தைக் கடை வைத்திருந்தான். கல் தடுப்பு, இரும்பு அடுக்கு, பயிற்சி முடித்த சான்றிதழ் எல்லாம் அவனுக்குக் கிடைத்தன. அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் சான்றிதழைப் பற்றிப் பேசாமல் அவன் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

வாரியத்தின் மதிப்பீட்டு அதிகாரி முதல் முறை பள்ளத்துத் தெருவுக்கு வந்தபோது, மெத்தைக்காரர் தமக்கும் கல் வரப்போகிறது என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதிகாரி உட்கார்ந்து, காலைத் தண்ணீரிலிருந்து தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டு, விஷயத்தைச் சொன்னார்.

“மேட்டுத் தெருவுக்குக் குடுத்தோம், நல்லா ஆயிட்டாங்கன்னு வெறுமனே சொன்னா மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. நீங்க குடுக்கலேன்னாலும் நல்லா ஆயிருப்பாங்களேன்னு கேப்பாங்க. அதுக்கு, ஒண்ணுமே குடுக்காத ஒருத்தர் பக்கத்துல வேணும். அவரு அப்படியே இருக்கணும். நீங்க எந்த அளவுக்கு அப்படியே இருக்கீங்களோ, அந்த அளவுக்கு நாங்க சாதிச்சிருக்கோம்னு அர்த்தம்.”

“நான் என்ன சார் செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக் கூடாது. கேக்க சுலபமா இருக்கும். எல்லாராலயும் முடியாது. உங்களால முடியும்னு குழு நம்புது.”

மெத்தைக்காரரைப் பார்த்து உங்களால் முடியும் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கட்டிய மனைவி உட்பட. அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

அளவெடுப்பு தொடங்கியது. ஈரமானி என்ற கருவியைப் பஞ்சில் குத்தினார்கள், சுவரில் குத்தினார்கள், ஆர்வ மிகுதியில் மெத்தைக்காரர் தோளில் கிடந்த துண்டிலும் குத்தினார்கள். பிறகு கேள்விகள். தங்கள் தரையைப் பற்றித் தாங்கள் உணர்வதை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லவும் என்றார் அதிகாரி. வழுக்குகிறது என்றார் மெத்தைக்காரர். அதிகாரி சற்று யோசித்து நான்கு என்று குறித்துக்கொண்டார்.

கடைசியில் புகைப்படம். படம் எடுக்கிறார்கள் என்றதும் மெத்தைக்காரர் தலையை வாரிக்கொண்டு வந்து பல் தெரியச் சிரித்தார். கொஞ்சம் வருத்தமாக நிற்கச் சொன்னார்கள். வரவில்லை. சென்ற ஆண்டு மழையை நினைக்கச் சொன்னார்கள். அப்போதும் வரவில்லை. அவராகவே மச்சினனின் சான்றிதழை நினைத்துக்கொண்டார். முகம் அமைந்துவிட்டது.

போகும்போது கடை நிலையில் ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள். ‘ஒப்பீட்டு அலகு. மாற்றம் செய்யாதீர்.’

மெத்தைக்காரர் மனைவி உறைத் துணி வெட்டிக்கொண்டிருந்த கத்தரியோடு வெளியே வந்து பலகையைப் படித்தாள்.

“குடுத்துட்டுப் பலகை மாட்டிப் பாத்திருக்கேன். குடுக்காததுக்கு மாட்டி இப்பத்தான் பாக்கறேன்.”

“உனக்குப் புரியாது. ஒப்பீடுன்னா பெரிய விஷயம். நான் இல்லேன்னா உன் தம்பி முன்னேறினது யாருக்கும் தெரியாது.”

“அவன் முன்னேறினது தெரியறதுக்கு நீங்க தண்ணியில நிக்கணுமா?”

“ஆமா,” என்றார் மெத்தைக்காரர் பெருமையாக.

அதன் பிறகு தெருவில் அவருக்கு ஒரு தனி மரியாதை வந்துவிட்டது. அண்டைக் கடைக்காரர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லைதான். ஆனால் அவர்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. இவருக்கு முறைப்படி கிடைக்கவில்லை.

இப்படிக் கௌரவமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் செவிலியர் விடுதியின் வார்டன் குறுக்கிட்டார். புதிதாகக் கட்டிய விடுதிக்கு மெத்தை பார்க்க வந்தவர். குறைவாகப் பேசுகிறவர், அதிகமாக முகர்கிறவர். ஒரு மெத்தையை உள்ளங்கையால் அழுத்தினார், முடிச்சை இழுத்துப் பார்த்தார், பிறகு குனிந்து முகர்ந்தார்.

“தையல் நல்லா இருக்கு. வாடைதான் இடிக்குது,” என்றார். “மழை புடிச்சதும் ஒரு நாள் வருவேன். சொல்லிட்டு வர மாட்டேன். தரை காஞ்சிருந்தா விடுதிக்கு மொத்த மெத்தையும் நீங்கதான். ஈரமா இருந்தா ஃபோம் வாங்கிடுவேன்.”

வார்டன் போனதும் மனைவி கத்தரியைக் கீழே வைத்தாள். அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினால் அது முடிவான பேச்சு. இந்த வேலை கைவிட்டுப் போனால் கடையை மூடுவதைத் தவிர வழியில்லை, மூடினால் தம்பி ஏற்கெனவே ஓர் ஏற்பாடு சொல்லியிருக்கிறான் என்றாள்.

ஏற்பாடு மெத்தைக்காரருக்குத் தெரியும். மச்சினன் போன வாரம்தான் வாஞ்சையோடு சொல்லிவிட்டுப் போயிருந்தான். “மாமா, நீங்க வேற யாருகிட்டயும் கைகட்டி நிக்க வேணாம். நம்ம கடையில ஒரு ஸ்டூல் போட்டுத் தரேன். வர்றவங்களுக்கு ஃபோமை அமுக்கி அமுக்கிக் காட்டுங்க, போதும். உங்க கைக்கு ஒரு ராசி இருக்கு.”

ஸ்டூலை நினைத்ததும் மெத்தைக்காரருக்கு முதுகெலும்பு விறைத்தது. மறுநாள் காலையிலேயே புருஷனும் பெண்டாட்டியும் வேலையில் இறங்கினார்கள். பக்கத்தில் இடித்துப்போட்ட கட்டடத்திலிருந்து செங்கல் சல்லியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டி, இடித்து இறுக்கி, மேலே சிமெண்ட் பூசத் தொடங்கினார்கள். தரை மெல்ல மெல்லச் சாலையை எட்டிப் பிடித்தது. கூரைதான் அதே இடத்தில் நின்றது. இனி உயரமான வாடிக்கையாளர்கள் மரியாதையாகக் குனிந்துதான் உள்ளே வர வேண்டும்.

பாதித் தரை ஏறிய நிலையில் அதிகாரி வந்து சேர்ந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தவர், யாரோ இறந்துவிட்ட வீட்டுக்கு வந்தவர் போலச் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தார். பிறகு தழுதழுத்த குரலில் கேட்டார்.

“என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?”

மெத்தைக்காரரை அவர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

“மழை வருது சார். தண்ணி உள்ள வந்தா பஞ்சு...”

“மழை வரும்னு எங்களுக்குத் தெரியாதா? மழையை நம்பித்தான் ஆய்வே பண்றோம். உங்கள முன்னேற வேணாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. கொஞ்சம் தள்ளி முன்னேறுங்கன்னுதான் கேக்கறேன். கடைசி அளவெடுப்பு முடியட்டும், அப்புறம் நீங்க மாடியே கட்டுங்க, நானே வந்து பூ போடறேன். இப்ப நீங்க காஞ்சுட்டா, மேட்டுத் தெரு காஞ்சதுக்கு என்ன சார் மதிப்பு?”

மெத்தைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. பாவம், நம்பி வந்த மனுஷன். மனைவி மட்டும் சிமெண்ட் கரண்டியை நிறுத்தவில்லை.

அதிகாரி மேலிடத்துக்குச் சொன்னார். மேலிடம் இதைத் ‘தொற்று’ என்று வகைப்படுத்தியது. முன்னேற்றம் அனுமதியின்றி ஓரிடத்தில் தென்பட்டால் அதற்கு வாரியத்தின் சொல் அதுதான். தொற்றை ஆராய விமானத்தில் ஆலோசகர் ஒருவர் வந்தார். அவர் எழுத்தில் பேசுவது போலவே வாயாலும் பேசுகிறவர். பெருமிதமாக நுழையும்போது தலையை நிலையில் இடித்துக்கொண்டு, பிறகு குனிந்து வந்தார்.

“தரையை உயர்த்த வேண்டும் என்னும் எண்ணம் தங்களுக்கு எங்கிருந்து வந்தது? மேட்டுத் தெருவின் சுவரொட்டியைப் பார்த்தீர்களா? பயிற்சி பெற்ற எவரேனும் தங்களிடம் பேசினார்களா?”

“இல்ல சார். தண்ணி வந்துச்சு.”

“அதற்கு முன்?”

“அதுக்கு முன்னாடியும் தண்ணிதான் சார்.”

தூண்டுதலின் மூலம் அறியப்படவில்லை என்று ஆலோசகர் குறித்துக்கொண்டார்.

நெடுநேரம் பேசி ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். கடையின் ஒரு மூலை, ஒரு கட்டில் போடும் அளவு, பழைய தரையாகவே விடப்படும். அதைச் சுற்றிக் கயிறு கட்டப்படும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வாரியத்தின் ஈரம். இந்தப் பக்கம் மெத்தைக்காரரின் சொந்த விவகாரம். மெத்தைக்காரர் ஒப்புக்கொண்டார். ஒரு மூலைதானே, பாவம் என்றார். மனைவி அன்று அவருக்குச் சாப்பாடு போடும்போது தட்டை வைத்த சத்தம் இரண்டு கடை தாண்டிக் கேட்டது.

மூலையை யாராவது மூடிவிட்டால் என்ன செய்வது என்று வாரியம் கவலைப்பட்டு ஒரு காவலாளியை அனுப்பியது. காக்கிச் சட்டை போட்ட, அதிகம் பேசாத மனிதர். ஈரத்துக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைக் காவல் காக்க வேண்டும். வங்கி வாசலிலும் பாலத்தடியிலும் காவல் இருந்த அனுபவம் அவருக்கு உண்டு. ஈரத்தைத் திருட யாராவது வருவார்களா என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

இடையில் வெயில் அடித்தது. மூலை காயத் தொடங்கியது. காவலாளி பயந்துபோய் மேலிடத்துக்குத் தகவல் சொன்னார். இயல்பு நிலையைத் தொடர்ந்து பேணவும் என்று பதில் வந்தது. அதற்கு என்ன பொருள் என்று அவர் மெத்தைக்காரர் மனைவியிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும், தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்களோ என்னவோ என்றாள் அவள் கிண்டலாக. காவலாளி விசாரித்தார். அதைத்தான் சொன்னார்களாம். அன்று முதல் காலையும் மாலையும் ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஈரமானியின் முள் இயல்பு நிலைக்குத் திரும்பியது.

ஆனால் ஈரத்துக்குக் கயிறு தெரியாது. மூலையிலிருந்து மெல்லக் கசிந்து புதுத் தரையின் ஓரத்தைக் கறுக்க வைத்தது. அந்தப் பக்கத்துப் பஞ்சு மூட்டையில் பழைய வாடை எட்டிப் பார்த்தது. மனைவி தினமும் முகர்ந்து பார்த்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவர் தினமும் வானத்தைப் பார்த்தார்.

இந்த நிலையில்தான் தாக்கப் பங்களிப்பு மாநாடு வந்தது. பெரிய ஓட்டலின் குளிரூட்டிய மண்டபம். பயன் பெற்றவராக மச்சினனும் பயன் பெறாதவராக மெத்தைக்காரரும் மேடையில் அருகருகே உட்கார வைக்கப்பட்டார்கள். மச்சினனுக்கு மாலை. மெத்தைக்காரருக்கு மாலை போட்டால் ஒப்பீடு கெட்டுவிடும் என்பதால் போடவில்லை. ஆனால் இருவர் சட்டையிலும் சின்ன மைக்கைக் குத்திவிட்டார்கள்.

அவர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடியில் மழை அடிக்கத் தொடங்கியது. இந்தப் பருவத்தின் முதல் மழை. மெத்தைக்காரர் எழுந்தார். கடைக்குப் போக வேண்டும், வார்டன் எந்த நேரமும் வருவார் என்று அதிகாரியிடம் மன்றாடினார். அதிகாரி அவரைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தார்.

“நீங்க போயிட்டா மேடையில வெறும் வெற்றிதான் சார் இருக்கும். அதை யாரு நம்புவாங்க?”

மச்சினனும் நெளிந்துகொண்டுதான் இருந்தான். மாலைக்குப் பின்னால் வாயை மறைத்துக்கொண்டு மாமாவின் காதில் சொன்னான்.

“மாமா, உங்களுக்காச்சும் தெருத் தண்ணி. எனக்குக் கூரை ஒழுகுது. முன்னெல்லாம் ஒழுகின தண்ணி வாசல் வழியா தன்னால ஓடிடும். இவங்க வாசல்ல கல்லக் கட்டிட்டாங்களா, இப்ப கடையே தொட்டியா நிக்குது. ஃபோம் தண்ணியக் குடிச்சா நாலு பேர் சேந்தாலும் தூக்க முடியாது.”

“அளக்க வந்தப்ப சொல்றதுதானே?”

“சொன்னா அடுக்கைத் திருப்பிக் கேட்டுருவாங்க மாமா. நல்லா இருக்கு, பத்துக்குப் பத்துன்னு சொல்லிட்டேன்.”

மைக் குத்தியிருப்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. நல்லவேளையாக அப்போது திட்டத்தின் வாழ்த்துப் பாடல் ஒலித்துக்கொண்டிருந்ததால் அரங்கம் அவன் சொன்னதைக் கேட்கவில்லை.

பாட்டு முடிந்ததும் ஆலோசகர் எழுந்து திரையைக் காட்டினார். இரண்டு தெருக்களிலும் பொருத்தியுள்ள ஈரமானிகள் இந்தக் கணத்தில் அனுப்பும் அளவுகளை அவையோர் நேரடியாகக் காணலாம் என்றார். திரையில் இரண்டு கோடுகள். பச்சை, மேட்டுத் தெரு. சிவப்பு, பள்ளத்துத் தெரு. மழை வலுக்க வலுக்கச் சிவப்பு ஏறும், பச்சை படுத்திருக்கும், இரண்டுக்கும் நடுவே விரியும் இடைவெளிதான் நமது பங்களிப்பு, அந்த இடைவெளியைத்தான் நாம் மனிதகுலத்துக்கு விட்டுச் செல்கிறோம் என்றார்.

கோடுகள் விரிந்தன. பச்சை மேலே ஏறியது. சிவப்பு கீழே இறங்கிப் படுத்துக்கொண்டது.

அதிகாரி ஓடிப்போய் வயரைத் தட்டினார். வயர் மாறியிருக்கும் என்றார். மாற்றிச் செருகினார்கள். திரை அணைந்து எரிந்தது. பச்சை இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மெத்தைக்காரரின் சட்டைப் பையில் கைபேசி அலறியது. அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திப் பேசினார். மைக் இரண்டு விரல் தள்ளித்தான் இருந்தது. மனைவியின் குரல் மண்டபத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் வந்தது.

“ஏங்க, எங்க இருக்கீங்க? வார்டன் மேடம் வந்துட்டுப் போயிட்டாங்க. செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட கடைக்குள்ள நடந்து பாத்தாங்க. காஞ்சு கெடக்கு. மெத்தை மொத்தமும் நமக்குத்தான்.”

மெத்தைக்காரர் கைபேசியை வாயருகே கொண்டுபோனார். மெதுவாகக் கேட்டார். “அந்த மூலை?”

“எந்த மூலை? காலையிலேயே கல்லைப் போட்டு மூடிச் சிமெண்ட் பூசியாச்சு. காவக்கார அண்ணன்தான் சல்லி சுமந்தாரு. பாவம், அவரு கால் ஊறிப்போய் வெள்ளை வெளேர்னு இருக்கு. எத்தன நாள்தான் மனுஷன் ஈரத்துல உக்காருவான்? என் தம்பிகிட்டச் சொல்லிடுங்க, ஸ்டூல் வேணாம்னு.”

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். அவர் கண்முன்னே மூன்றாண்டு உழைப்பு தரை காய்ந்து போய்விட்டது. பயன் பெற்றவர் நனைந்துகொண்டிருந்தார், பயன் பெறாதவர் காய்ந்து நின்றார், அதை அரங்கம் முழுவதும் ஒலிபெருக்கியில் கேட்டிருந்தது. முன் வரிசையில் நிதி கொடுக்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அறிவு என்பது எப்படிப்பட்டது என்று காட்டுவதற்காகவே ஆலோசகர் அப்போது மறுபடியும் எழுந்தார். தண்ணீர் குடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டபோது அவர் முகத்தில் ஓர் ஒளி தெரிந்தது.

“நண்பர்களே, நாம் இதுநாள் வரை தவறான தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்,” என்றார். “மேட்டுத் தெருவுக்கு நாம் கல் கொடுத்தோம், அடுக்குக் கொடுத்தோம், பயிற்சி கொடுத்தோம். பள்ளத்துத் தெருவுக்கு என்ன கொடுத்தோம்? ஒன்றும் கொடுக்கவில்லை. சும்மா கொடுக்காமல் இருந்தோமா? இல்லை. திட்டமிட்டுக் கொடுக்கவில்லை. தொடர்ந்து கொடுக்கவில்லை. நேரில் போய், கொடுக்கப்போவதில்லை என்று தெரிவித்தோம். இதோ இந்த எளிய மனிதர் எழுந்து நிற்கிறார். இவரை எழுப்பியது எது? நமது கொடுக்காமை. அதில் நாம் சிறிதளவு பலவீனப்பட்டு ஒரு கல்லைக் கொடுத்திருந்தாலும் இவர் இன்று மேட்டுத் தெருவைப் போல் மூழ்கியிருப்பார்.”

முதல் கைதட்டு நிதி கொடுப்பவர்கள் வரிசையிலிருந்து வந்தது. பிறகு மண்டபமே தட்டியது. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

அங்கேயே, அப்போதே, பலகையில் பங்களிப்பு பிரிக்கப்பட்டது. மெத்தைக்காரரின் தரை காய்ந்ததில் வாரியத்தின் கொடுக்காமைக்கு எழுபத்திரண்டு விழுக்காடு. மழை என்னும் சூழலுக்குப் பதினைந்து. வார்டன் என்னும் சந்தைக் காரணிக்குப் பத்து. மீதி மூன்று விழுக்காட்டுக்கு நேரே ‘விளக்க முடியாத பிழை’ என்று எழுதினார்கள்.

மெத்தைக்காரர் பலகையை மேலிருந்து கீழே படித்தார், கீழிருந்து மேலே படித்தார். கையைத் தூக்கினார்.

“சார், இதுல நானும் என் வீட்டுக்காரியும் எங்க வர்றோம்?”

“கடைசி வரியில் இருக்கிறீர்கள்,” என்றார் ஆலோசகர் கனிவாக. “வருந்த வேண்டாம். எல்லா ஆய்வுகளிலும் அது இருக்கும். மூன்று என்பது மிகக் குறைவு. நல்ல ஆய்வு என்பதற்கு அது அடையாளம்.”

காவலாளியின் பெயர் பலகையில் ஏறவில்லை. கல் சுமந்தது வாரியத்தின் ஊழியர்தானே, அது நம் நேரடிப் பங்களிப்பு ஆகாதா என்று ஓர் இளைய ஆய்வாளர் கேட்டுப் பார்த்தார். அது திட்டத்தில் இல்லாத செயல், எனவே நிகழவில்லை என்று முடிவு செய்யப்பட்டது. நிகழாத அந்தச் செயலுக்காக, ஈரத்தைப் பாதுகாக்கத் தவறியது ஏன் என்று காவலாளியிடம் விளக்கம் கேட்டு மறு வாரமே உத்தரவு போனது.

மெத்தைக்காரர் மழை விட்டதும் கடைக்கு நடந்தார். நிலைப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போய், முன்பு கயிறு கட்டியிருந்த மூலையில் வெறுங்காலை வைத்து நின்றார். சிமெண்ட் இன்னும் கொஞ்சம் பச்சையாகத்தான் இருந்தது, கட்டைவிரல் அச்சு விழுந்தது. மனைவி திட்டினாள். மாநாட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். நாம் இரண்டு பேரும் விளக்க முடியாத பிழையாம் என்றார்.

“உங்களப் பத்தி எனக்கு முன்னாலயே தெரியும். என்னை எதுக்குச் சேத்தாங்க?” என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. விடுதிக்கு மெத்தை போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த மழைக்காலம் முழுவதும் மச்சினன் தன் கடையில் உட்கார முடியாமல் மாமா கடையில்தான் வந்து உட்கார்ந்திருந்தான். சும்மா உட்கார வைக்கவில்லை. பஞ்சு அடிக்கச் சொன்னார்கள். அவன் கைக்கும் ஒரு ராசி இருப்பதாக மெத்தைக்காரர் சொல்லி வைத்தார்.

மேட்டுத் தெருக்காரர்கள் ஒன்றுகூடி, தங்களுக்கும் எதுவும் கொடுக்காமல் இருக்கும்படி வாரியத்துக்கு மனுச் செய்துகொண்டார்கள். ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டதால் தகுதியில்லை என்று மனு திரும்பி வந்தது.

வாரியத்தின் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்குக் ‘கொடுக்காமை வழி மேம்பாடு’ என்று பெயர் வைத்தார்கள். நிதி இரட்டிப்பானது. கொடுக்காமல் இருப்பதற்கு அலுவலகம் ஒன்று, வண்டிகள் சில, கொடுக்கவில்லை என்பதை வீடு வீடாகச் சென்று தெரிவிக்கப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் பலர் அமர்த்தப்பட்டார்கள். அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஆலோசகர் விமானத்தில் வந்தார்.

எல்லாம் தயாரான பிறகு ஒரு சிக்கல் எழுந்தது. இந்தப் புதிய திட்டத்தின் பங்களிப்பை அளப்பதற்கும் ஓர் ஒப்பீடு வேண்டும் அல்லவா? எதுவும் கொடுக்காததோடு, கொடுக்கவில்லை என்று சொல்வதற்கும் ஆள் வராத தெரு ஒன்று தேவைப்பட்டது.

அப்படிப்பட்ட தெருக்கள் ஊரில் நிறைய இருந்தன.